குக்கர் போகவில்லை, கேஸ்கெட்தான் போயிருக்கிறது

"மிக்ஸி எத்தனை வருஷம் வரும்?", "குக்கரை எப்போது மாற்றணும்?" என்று கடையில் கேட்டால் அஞ்சு, பத்து என்று ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. வீட்டுச் சாமான் எதுவும் மொத்தமாகப் போவதில்லை. உள்ளே இருக்கிற ஒரு ரப்பரோ, புஷ்ஷோ, பெல்ட்டோதான் முதலில் போகும். அதைப் பார்த்து மாற்றினால் மீதியெல்லாம் ஓடும். பார்க்காமல் விட்டால் அந்தச் சின்னச் சாமான் பெரிய சாமானையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வயசால் சாகும். பயன்படுத்தாமல் பரண்மேல் வைத்திருந்தாலும் சாகும். மிக்ஸியின் கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற பல் சக்கரம்), கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்துகிற கரித்துண்டு) மாதிரியானவை உழைப்பால் தேயும். வருஷக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. கீசர், ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிக்கிற மெஷின்), வாஷிங் மெஷின் ஆகியவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுத் தண்ணீர். ஒரே கம்பெனி கீசர் ஆற்றுத் தண்ணீர் வருகிற தெருவில் ஒரு மாதிரியும், உப்பு போர் தண்ணீர் வருகிற தெருவில் வேறு மாதிரியும்தான் உழைக்கும்.

குக்கரை எடுத்துக்கொள்வோம். வெயிட் போட்ட குக்கருக்குள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தமும் 120 டிகிரி வரை சூடும் ஏறும். இது ஓரத்தில் கசியாமல் தினமும் தாங்கி நிற்பது மூடியில் இருக்கிற கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம் ஒன்றுதான். இரண்டு வேளையும் குக்கர் வைக்கிற வீட்டில் ஒரு கேஸ்கெட் ஒரு வருஷத்துக்கு மேல் நல்லபடி வருவது குறைவு. போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, இறுகிக் கட்டையாகி, வளைத்துப் பார்த்தால் உள்பக்கம் மயிரிழை வெடிப்பு தெரியும். இன்னொன்று, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உப்பிப் பெரிதாகி, மூடியில் உட்காராமல் தொளதொளவென்று தொங்கும். இரண்டாவது வகையைத்தான் ஃப்ரீசரில் வைத்து எடுத்துச் சமாளிப்பார்கள். அன்றைக்குச் சுருங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கடைக்குப் போகும்வரை ஓட்டலாம்.

பக்கவாட்டில் ஆவி போனாலே கேஸ்கெட் என்று முடிவு கட்டக் கூடாது. சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடி, அடுப்பில் வையுங்கள். ஆவி மேல்குழாயில் நேராகச் சீறி வரும்போது வெயிட்டைப் போடுங்கள். ஓரத்தில் எந்த இடத்தில் ஆவி கசிகிறது என்று கைப்பிடியை வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்து, அழுத்தம் முழுதாக அடங்கியபின் திறந்து, கேஸ்கெட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி அதே சோதனை. கசிவும் எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்திருந்தால் கோளாறு கேஸ்கெட்டில். பழைய இடத்திலேயே கசிந்தால் மூடியின் விளிம்போ பாத்திரத்தின் வாயோ நெளிந்திருக்கிறது; எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது. வாய் நெளிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், குழம்பு கிளறிய கரண்டியை விளிம்பில் டொக் டொக்கென்று தட்டுவது. வெளிமூடி குக்கரில் கைப்பிடி ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் மூடி சரியாகப் பூட்டாமல் ஆவி போகும். புது கேஸ்கெட் வாங்குமுன் அதை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

கேஸ்கெட் வாங்கும்போது லிட்டரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே கம்பெனியிலேயே 3 லிட்டருக்கும் 5 லிட்டருக்கும் ஒரே வளையம் போடுகிற மாடலும் உண்டு, வேறு வேறு போடுகிற மாடலும் உண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவி, காயவைத்து, மூடியைக் கவிழ்த்து பாத்திரத்தின் மேல் சும்மா வைத்தால் கூடுதலாகச் சில மாதம் வரும். பூட்டிய நிலையிலேயே அலமாரியில் வைத்தால் அந்த அழுத்தத்திலேயே ரப்பர் பதிந்துபோகும்.

கசிகிற கேஸ்கெட்டோடு ஓட்டுவதில் பணம் எங்கே போகிறது தெரியுமா? விசில் வரவில்லையே என்று தீயைக் கூட்டுவோம். தண்ணீர் ஓரமாக ஆவியாகிப் போய்விடும். அடி பிடிக்கும். உள்ளே வெறும் சூடு ஏறி சேஃப்டி வால்வு உருகும். புது வால்வு, கருகிய பருப்பு, அடி உப்பிய குக்கர், எல்லாமே அந்த வளையத்தின் கணக்கில்தான் சேரும். உருகிய வால்வின் ஓட்டையை மைதா மாவு, சோப்பு, எம்சீல் என்று எதையாவது வைத்து அடைத்து ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த வால்வு உருகுவதற்கென்றே செய்தது. அதை அடைத்தால் அடுத்து திறந்துகொள்ளப் பல குக்கர்களில் வேறு வழி இல்லை. அதே கம்பெனி வால்வுதான் போட வேண்டும். வெயிட் உட்காரும் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். பருப்பு நுரையும் தக்காளித் தோலும் அங்கேதான் போய் அடைக்கும். பருப்புக்குப் பாதிக்கு மேலும், மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும் நிரப்பக் கூடாது.

குக்கரையே தூக்கிப் போட வேண்டிய நேரமும் உண்டு. அடி வெளிப்பக்கமாக உப்பி, சமதளத்தில் வைத்தால் ஆடினால், வாய் நெளிந்திருந்தால், உள்பக்கம் குழிகுழியாக அரித்திருந்தால். அலுமினியக் குக்கரில் புளிக்கரைசலையோ மோர்க்குழம்பையோ ராத்திரி முழுக்க விட்டால் அந்தக் குழிகள் சீக்கிரம் வரும். மற்றபடி கேஸ்கெட், வால்வு, வெயிட், கைப்பிடி நான்கையும் மாற்றி மாற்றி இருபது வருஷம் ஓடுகிற குக்கர்கள் நம் ஊரில் ஏராளம்.

கேஸ் டியூப் விஷயத்தில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். தேதி வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ஏஜென்சியில் தருகிற ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பின் ஆயுள் 5 வருஷம். தேதி டியூப்பின்மேலேயே அச்சிட்டிருக்கும். மேல்தோல் பளபளப்பாகவே இருக்கும். உள்ரப்பர் காய்ந்திருப்பது வெளியே தெரியாது. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற சாதாரண பச்சை ரப்பர் டியூப்பில் உள்ளே கம்பி வலை கிடையாது. எலி இருக்கிற வீட்டில் அது ஒரு ராத்திரிக்குத் தாங்காது. டியூப் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், இடையில் ஒட்டுப் போடக் கூடாது, அழகுக்காகத் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றக் கூடாது (சுற்றினால் வெடிப்பு கண்ணுக்குப் படாது), அடுப்பின் பின்பக்கம் பர்னர் சூடு படுகிற வழியில் போகக் கூடாது.

சிலிண்டருக்கும் தேதி உண்டு. மேலே வளையத்தைத் தாங்குகிற மூன்று பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் பி-27 என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். அது அடுத்த பரிசோதனைக்கு உரிய காலம். அந்தக் காலம் தாண்டிய சிலிண்டரை டெலிவரி பையனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். சீல் உடைத்ததும் வால்வுக்குள் இருக்கிற கறுப்பு ஓ-ரிங் கிழியாமல் இருக்கிறதா என்று அவரையே பார்த்துத் தரச் சொல்லுங்கள்; "புது சிலிண்டர் மாட்டியதும் வாசனை வருகிறது" என்கிற புகாரில் பாதி அந்த வளையத்தால்தான். கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சியால் அல்ல. ராத்திரி நேரத்தில் வாசனை வந்தால் 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். ரெகுலேட்டர் உங்கள் பெயரில் டெபாசிட்டுக்குத் தந்தது. அது தளர்ந்தாலோ குமிழ் சரியாகத் திரும்பாவிட்டாலோ ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வெளியில் பிரித்து ரிப்பேர் பார்க்கிற சாமான் அல்ல அது.

மிக்ஸிக்கு வருவோம். ரிப்பேர் கடைக்குப் போகிற மிக்ஸிகளில் மோட்டார் உண்மையிலேயே எரிந்தவை குறைவு. பெரும்பாலும் கப்ளர், இல்லையென்றால் ஜார் புஷ் (ஜாரின் அடியில் பிளேடின் தண்டைத் தாங்குகிற குழல்). மோட்டார் சத்தம் ஜோராக வருகிறது, பிளேடு சுற்றவில்லை அல்லது கரகரவென்று உராய்கிறது என்றால் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. அது வேண்டுமென்றே மென்மையான பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்தது. ஜார் இறுகினால் மோட்டார் எரிவதற்குப் பதில் தான் உடைய வேண்டும் என்பதற்காக வைத்தது. அதனால் கப்ளர் உடைந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஜார் இறுகியிருக்கிறது என்பதுதான். எல்லா ஜாரையும் கவிழ்த்து அடியில் விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒன்று பிடித்தால் அதுதான் குற்றவாளி. அதைச் சரிசெய்யாமல் புதுக் கப்ளர் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி வாங்குவீர்கள்.

ஜார் இறுகுவதற்குக் காரணம், அரைத்த சட்னியோ மசாலாவோ பிளேடின் தண்டு வழியாகப் புஷ்ஷுக்குள் இறங்கிக் காய்ந்துபோவது. சின்ன ஜாரில்தான் இது அதிகம். தேங்காய்ச் சட்னி அரைத்து சிங்க்கில் போட்டுவிட்டு மாலையில் கழுவுகிற வீடுகளில் இன்னும் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, அடியிலிருந்து கையால் முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பிறகு தண்டின் அடியில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய். அரைத்து முடித்ததும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி இரண்டு வினாடி ஓடவிட்டுக் கொட்டுகிற பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

புஷ் தேய்ந்துவிட்டால் நிலைமை வேறு. ஜாரில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு பழைய பேப்பர்மேல் கால் மணி நேரம் வையுங்கள். பேப்பரில் வட்டமாக ஈரம் பிடித்தால், அதிலும் கறுப்பாகப் பிடித்தால், புஷ்ஷும் சீலும் போய்விட்டன. பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் டக்டக்கென்று ஆடும். இதை ஒத்திப்போடக் கூடாது. கசிகிற தண்ணீர் நேராகக் கப்ளரைத் தாண்டி மோட்டார் பேரிங்கில் இறங்கும். அந்தக் கறுப்பு அழுக்கு உங்கள் சட்னியிலும் சேரும். புஷ், பிளேடு, தண்டு மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த தண்டில் புதுப் புஷ் போட்டால் அது சீக்கிரமே அகன்றுவிடும். வதக்கிய வெங்காயம் தக்காளியைச் சூட்டோடு போட்டு அரைப்பது சீலுக்கு எமன். மூடி எகிறிச் சுவரெல்லாம் கோலம் போடுவது தனிக் கதை.

கப்ளரை வீட்டிலேயே மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சாய்த்தால், பல மாடல்களில் அடியில் மோட்டார் தண்டின் முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழைகிற காடி தெரியும். அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தண்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு, மேலே கப்ளரைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் என்றுதான் பலரும் குழம்பி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். ஓடும்போது தானாக இறுகுகிற மாதிரிதான் மரை வெட்டியிருக்கும். ஆகவே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் திருப்பினால் கழலும். கழற்றுமுன் ஒரு தடவை சும்மா ஓட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருபதே நிமிஷ வேலை.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றால் பதறாமல் அடியில் இருக்கிற சிவப்பு அல்லது கறுப்பு ஓவர்லோடு பட்டனைப் பாருங்கள். பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினால் ஓடும். அடிக்கடி அது விழுந்தால் சாமான் அதிகம் போடுகிறீர்கள், அல்லது ஜார் இறுக்கம். காற்றுத் துவாரம் வழியாகப் பெரிய நெருப்புப் பொறி தெரிந்து, மிக்ஸியைத் தட்டினால் ஓடி, விட்டால் நின்றுபோனால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கிரைண்டரில் பெல்ட் போவது தெரிந்துவிடும். மோட்டார் ஓடும், மாவு கூடினதும் டிரம் நிற்கும், ரப்பர் வாசனை வரும். தெரியாமல் போவது கல். வழக்கமான அளவு உளுந்து அரைய நேரம் கூடிக்கொண்டே போய், மாவு கைக்குச் சூடாகத் தெரிந்தால் கல் வழவழத்துவிட்டது என்று அர்த்தம். இட்லி கல்லு மாதிரி வருகிறது என்று உளுந்தையும் அரிசியையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கொத்த வேண்டியது கல்லை. கொத்தியபின் ஒருமுறை கழிவு அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுப் பிறகுதான் மாவுக்குப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் பல்லில் கல் கடிபடும்.

ஆர்.ஓ. மெஷினில் ஏமாறுகிற வீடுகள்தான் அதிகம். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற சர்வீஸ்காரர் மொத்த செட்டையும் மாற்றிவிட்டு ஒரு பெரிய பில்லை நீட்டுவார். செடிமென்ட் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் போகிறவை, மாற்றத்தான் வேண்டும். உப்பைப் பிரிக்கிற சவ்வான மெம்ப்ரேன் அப்படியல்ல. முன்னால் இருக்கிற இரண்டையும் நேரத்தில் மாற்றினால் மெம்ப்ரேன் இரண்டு மூன்று வருஷம் தாராளமாக வரும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் வாக்குவாதமே வேண்டாம். உள்ளே போகிற தண்ணீர் 1000, வெளியே வருவது 80 என்றால் மெம்ப்ரேன் நன்றாக இருக்கிறது. அதே தண்ணீருக்கு 80 என்பது 250, 300 என்று ஏறியிருந்தால் போய்விட்டது. ஆனால் அதற்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பல மெஷின்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்ன வால்வு, மெம்ப்ரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். அதை யாராவது திறந்து வைத்திருந்தாலும் எண் ஏறும். மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்வது 500 வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. வீட்டுக்கு வருகிற தண்ணீரே 300 என்றால் மெம்ப்ரேனைப் பற்றி அல்ல, ஆர்.ஓ.வே தேவையா என்று யோசிக்க வேண்டும்.

கீசர் டேங்க் ஓட்டையாகிவிட்டது என்று புதிதாக வாங்குகிறவர்களிடம் கேட்டால், உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக வைத்த கம்பி அது. உப்புத் தண்ணீர் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அடுத்து அரிக்கப்போவது டேங்க்தான். சூடாகும்போது கீசருக்குள் கடகடவென்று சத்தம் வந்தால் காயிலில் உப்பு படிந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டை முழுசாக வைக்காமல் 60 டிகிரிக்குள் வைத்தால் அது படிவது குறையும்.

இன்வெர்ட்டர் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம். குறைவாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது, மழைத் தண்ணீரும் கூடாது. மிதவை சிவப்புக்கு இறங்கும்வரை காத்திருக்காதீர்கள், பிளேட் வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி மீளாது. கரண்ட் கட்டே இல்லாத தெருவில் பேட்டரி சும்மா இருந்தே கெடும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, ஃபேன் லைட்டை அதில் ஓட்டி, மறுபடி சார்ஜ் ஏறவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர். மேலே எழுதியிருக்கிற அதே அளவு, பெரும்பாலும் 2.5 எம்.எஃப்.டி., போட்டால் பழைய வேகம் வந்துவிடும். மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு நோட்டை வைத்து மூடி இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. மாற்றுமுன் வெந்நீரில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும். நான்ஸ்டிக் தவாவில் பூச்சு உரிந்தால் அன்றைக்கே விடை கொடுங்கள். இரும்பு தோசைக்கல்லுக்கு அந்தக் கவலையில்லை, துருப்பிடித்தாலும் தேய்த்து எண்ணெய் தடவிப் பழக்கிவிடலாம். பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் ஈயம் பூசும்வரை புளி, மோர், எலுமிச்சை எதையும் அதில் வைக்கக் கூடாது. ஈயச் சொம்பு (வெள்ளீயத்தில் செய்தது) ரசம் இருக்கும்வரைதான் அடுப்பில் நிற்கும். காய்ந்தால் 232 டிகிரியில் உருகி ஓடிவிடும், வருஷக் கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் கட்டி தட்டினால் பிரித்து அடித்துத் தைக்கலாம், தூக்கிப் போட வேண்டியதில்லை. ஃபைபர் தலையணையை இரண்டாக மடித்துவிட்டுக் கையை எடுங்கள். தானாக விரியாவிட்டால் அதன் கதை முடிந்தது. பல் துலக்கும் பிரஷ் மூன்று நான்கு மாதம், நார் சாய்ந்துவிட்டால் அதற்கும் முன்பே.

எல்.இ.டி. பல்பு பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கிற விளக்குப் புள்ளிகள் அவ்வளவு வரலாம். அதற்கு மின்சாரம் தருகிற சின்ன டிரைவர் சூட்டில் முன்னாலேயே போய்விடும். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்ட பல்பு சீக்கிரம் போவது அதனால்தான். அந்த இடத்துக்குக் குறைந்த வாட் பல்பு போடுங்கள், அல்லது கூண்டைத் திறந்து வையுங்கள். பில்லைப் பெட்டியோடு எடுத்து வைத்தால் வாரன்டிக்குள் போகிறதைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். பல்பின் கழுத்தில் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதி வைத்தால் எந்த பல்பு எந்த பில் என்று தேட வேண்டியிருக்காது.